பத்து மணி ரீயும் விழுந்துகொண்டே இருந்த சுவிச்சும்: ஒரு நிகழ்வு ஆய்வு

சென்ற கார்த்திகையில் எங்கள் கந்தோரில் ரீ வைக்கிற அக்காவுக்கு விளக்கம் கோரி ஒரு கடிதம் போனது. ‘தங்கள் கவனயீனத்தால் அலுவலக மின்னிணைப்பு அடிக்கடி துண்டிக்கப்பட்டு, கணினிகளில் செய்த வேலைகளும் அழிந்துபோவதால், ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கமளிக்கவும்’ என்று. அதை ரைப் பண்ணியவன் நான். சேர் சொன்னது “ஒரு கடிதம் அடியும்” என்பது மட்டுந்தான். கவனயீனம் என்ற சொல் என்னுடையது. கடிதம் என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று பழகிப்போன கை.

கந்தோரின் பெயர் வேண்டாம். இலங்கையின் வடக்கே வன்னியில், மாங்குளத்துக்குக் கிழக்கே, முல்லைத்தீவு றோட்டை ஒட்டி, சுற்றிவரப் பாலையும் முதிரையும் நிற்கிற ஒரு காணிக்குள் நீட்டாக ஒரு கட்டடம், போருக்குப் பிறகு கட்டியது. முன்னுக்கு விறாந்தை, பின்னுக்குக் குசினி. உள்ளே ஒன்பது கம்பியூட்டர், மூன்று பிறின்ரர், ஒரு போட்டோக்கொப்பி மெசின், சேரின் அறையில் ஒரு ஏசி. பாதிப்பேர் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து வந்து கிழமை நாட்களில் அறை எடுத்துத் தங்குகிறவர்கள், மிச்சப்பேர் அக்கம்பக்கம். குசினியில் ஒரு கறண்ட் கேத்தில். பத்து மணிக்குப் பிளேன்ரீ, மூன்று மணிக்குப் பால்ரீ. ரீக்காசு மாதா மாதம் எல்லாரும் போடுகிறோம், சீனி விலை ஏறினால் அதற்கொரு கூட்டம் வைக்கிறோம். ஊரில் இருக்கிற எந்தக் கந்தோரும் இப்படித்தான்.

ஐப்பசிக் கடைசியில் மழை தொடங்கியது. வன்னிக்கு வருசத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்ற இந்த மூன்று மாதத்துக்குள்தான் கொட்டித் தீர்க்கும். அதோடு கறண்ட் பெட்டிக்குள் இருக்கிற சுவிச் தானாக விழுந்து கந்தோர் முழுக்கக் கறண்ட் நிற்கத் தொடங்கியது. காலையில் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். பத்து மணிக்குக் கிட்ட குசினியில் ‘டொக்’ என்று ஒரு சத்தம், உடனே விசிறி சுற்றுவது குறைந்து குறைந்து நிற்கும், ஒன்பது கதிரையில் இருந்தும் ஒரே மாதிரி ஒரு மூச்சு வரும். யூ.பி.எஸ். மூன்றுக்குத்தான் இருக்கிறது, அதிலும் ஒன்றின் பற்றரி செத்து வருசக்கணக்கு. கணக்குப் பகுதி மிஸ் ஒரு நாள் மாதமுடிவு அறிக்கையில் நாற்பது வரி அடித்துச் சேமிக்காமல் வைத்திருந்த நேரம் இது நடந்தது. அவர் சத்தம் போடவில்லை. எழும்பி வெளியே போய்க் கிணற்றடியில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தார். அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

அவர்தான் என்னிடம், “தம்பி, ஒவ்வொருக்காலும் விழேக்கை நேரத்தைக் குறிச்சு வையும், ஆருக்காவது எழுதிப்போடலாம்” என்றார். நான் ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து மூன்று கோடு போட்டேன். திகதி, நேரம், கடைசியாகப் போட்டது என்ன. இந்த மூன்றாவது கோட்டில்தான் முழுப் பிழையும் இருந்தது. அதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது.

மூன்று கிழமையில் 14 தரம் விழுந்தது. 11 தரம் என் கொப்பியில் ‘கேத்தில்’. மற்ற மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை, ஒருக்கால் பிறின்ரர், ஒருக்கால் யாரோ போன் சார்ஜ் போட்டது, ஒருக்கால் என்னவென்றே தெரியவில்லை. 14க்கு 11 என்றால் வேறென்ன வேண்டும். கொப்பியைச் சேரிடம் காட்டினேன். நான் பெரிய துப்பறிவாளன் மாதிரி பென்சிலால் கூட்டல் எல்லாம் போட்டுக் காட்டினேன் என்பதையும் இங்கே ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இதற்கு முதல் நடந்த வைத்தியங்களையும் சொல்லவேண்டும். ‘லோட் கூடிப்போச்சு’ என்பதுதான் முதல் முடிவு. ஆகவே கேத்தில் போடுகிற நேரம் விசிறியை நிறுத்தச் சொன்னார்கள், வேர்த்ததுதான் மிச்சம். அப்புறம் லைனில்தான் பிழை என்று ஒரு கட்சி கிளம்பியது. பக்கத்துக் கடையில் கறண்ட் நின்று எரிகிறதே என்று கேட்டால் பதில் இல்லை. சாரதி அண்ணை சுவிச்சின் பிடியை ஒரு றப்பர் பான்ட் போட்டு மேலே இழுத்துக் கட்டினார். பிடி மேலேயே நின்றது, கறண்ட் போனது. இந்தச் சுவிச்சை அப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரியும், பிடியை யார் பிடித்துக்கொண்டிருந்தாலும் உள்ளே அது கழன்றுவிடும். ஸ்டோர்சில் நிற்கிற தம்பி இன்னும் ஒரு படி மேலே போய், “சுவிச்சை எடுத்துப்போட்டு டிரெக்ட் பண்ணிவிட்டால் சரிதானே” என்றான். அன்றைக்கு அதற்குத் தலையாட்டியவர்களில் நானும் ஒருவன்.

2022 பங்குனிக் கடைசியில் நாட்டில் 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டின நாட்களும் இருந்தன. அப்போது யாரும் யாருக்கும் விளக்கம் கோரவில்லை. ஆளுக்கொரு மட்டையால் விசுக்கிக்கொண்டு கதைத்துக்கொண்டிருந்தோம். எல்லாருக்கும் சேர்த்துப் போனால் கோபம் வராது, கண்ணுக்கு முன்னால் ஒருவர் பொத்தானை அமத்தியதும் போனால்தான் வரும்.

சரி, கடிதம் போனது. கேத்திலைப் பறித்து ஸ்டோர்ஸ் அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் மூன்று கல்லை வைத்து விறகில் ரீ வைக்கத் தொடங்கினார். ரீ புகை மணத்தது, சிலருக்கு அது பிடித்தும் போனது. அவர் ஒருக்கால், “ஜாம் போத்தல் விளக்கிலை பிள்ளையளைப் படிப்பிச்சனாங்கள் தம்பி, எனக்கென்ன உந்தக் கேத்தில் இல்லாட்டி” என்றார். போர்க்காலத்தில் வன்னியில் இருபது வருசத்துக்குக் கிட்ட லைன் கறண்டே இல்லாமல் இருந்தவர்களுக்கு இது பெரிய விசயமில்லைத்தான். ஆனால் கடிதம் அவருக்குப் பெரிய விசயம். அவருடைய சுயவிபரக் கோவையில் அதுவரை நியமனக் கடிதமும் சம்பளக் கடிதங்களும் லீவுக் கடிதங்களுந்தான் இருந்தன.

நாலு நாள் சுவிச் விழவில்லை. வழக்கு முடிந்தது என்று எல்லாரும் நினைத்தோம். அந்த நாலு நாளும் மழையே பெய்யவில்லை என்பதைக் குறித்துவைக்க என் கொப்பியில் இடம் இல்லை.

ஐந்தாம் வேலைநாள் திங்கட்கிழமை. ஞாயிறு இரவு கொட்டின மழை காலையிலும் விடவில்லை. பஸ் பிந்தி ஒன்பதரைக்கு எல்லாரும் ஒன்றாக நனைந்து வந்து சேர்ந்தார்கள். பத்தே காலுக்குப் போட்டோக்கொப்பி மெசினைப் போட்டதும் ‘டொக்’. புதன்கிழமை திரும்பவும் அதே மெசின். வெள்ளிக்கிழமை சேரின் ஏசி. மூன்று தரமும் குசினியில் விறகுதான் எரிந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விசயம். போட்டோக்கொப்பி மெசின் விழுத்தியபோது, “மெசின் பழசாகிவிட்டது, பார்க்கவேண்டும்” என்றார்கள். ஏசி விழுத்தியபோது சேர் தானே எழும்பி வந்து, “வயரிங்கில் ஏதோ பிரச்சினை போல இருக்கு” என்றார். கேத்தில் விழுத்தியபோது மட்டும் அது ஒரு ஆளின் கவனயீனமாக இருந்தது. கேத்திலுக்குப் பின்னால் நின்ற ஆள் யார், ஏசிக்குப் பின்னால் இருந்த ஆள் யார் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

அந்த வெள்ளி பின்னேரம், கறண்ட் இல்லாத நேரம், செய்வதற்கு வேலை இல்லாமல் கோவைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு இருந்தபோது அக்காவின் கோவை கைக்கு வந்தது. 14ஆம் தாள் எங்கள் கடிதம். 15ஆம் தாள் அவருடைய பதில். கொப்பித் தாளில், நீல மையில், மூன்று வரி.

‘ஐயா, கேத்திலை காலை ஒன்பது மணிக்கு முதல் வைத்தால் சுவிச் விழுவதில்லை. பத்து மணிக்கு எல்லோரும் வந்து வேலை செய்யும்போது வைத்தால் விழுகிறது. இதற்கு நான் என்ன விளக்கம் தருவது என்று தெரியவில்லை.’

அந்தப் பதிலை வாங்கித் துளை போட்டு, நூல் கோத்து, 15 என்று சிவப்பில் இலக்கம் போட்டுக் கோவையில் வைத்தவனும் நான்தான். என் கையெழுத்தில் ‘விளக்கம் கிடைத்தது’ என்று குறிப்புக்கூட இருக்கிறது. வாசிக்கவில்லை. விளக்கம் கிடைத்தால் போதும் என்று இருந்திருக்கிறேன்.

அதே கேத்தில், அதே பிளக் பொயின்ற், அதே ஆள். எட்டே முக்காலுக்கு விழாது, பத்துக்கு விழும். அப்படியென்றால் மாறுவது கேத்தில் அல்ல. இதைச் சொல்ல இஞ்சினியர் தேவையில்லை, அக்கா சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை நான் கொப்பியைப் பின்பக்கத்தில் இருந்து திரும்பத் தொடங்கினேன். இந்தத் தரம் வேறு கோடுகள். அன்று என்ன கிழமை, முந்தின இரவு மழையா, விழுந்த நேரம் எத்தனை கம்பியூட்டர் போட்டிருந்தது. பழைய நாட்களுக்கு இதெல்லாம் எங்கே போய் எடுப்பது என்றால், கந்தோரில் கொப்பிகளுக்கா பஞ்சம். வரவுப் பதிவேட்டில் ஒவ்வொருவரும் வந்த நேரம் இருக்கிறது, சிவப்புக் கோட்டுக்கு மேலே யார், கீழே யார் என்பது வரை. வந்த உடனே முதல் வேலையாகத் தங்கள் சுவிச்சைப் போடுவார்கள் என்று வைத்துக்கொண்டேன், அது பெரும்பாலும் உண்மை. மழைக்கு இரவுக் காவல் ஐயாவின் கொப்பி. அவர் இரவில் நடக்கிறது எல்லாம் எழுதுவார். ‘11.20 பலத்த மழை. 1.40 வேலிக்கரையில் யானைச் சத்தம். 2.10 யானை போய்விட்டது. தூறல்.’ இந்த மாதிரி. யாரும் வாசிப்பதில்லை என்று தெரிந்தும் இவ்வளவு சுத்தமாக எழுதுகிற ஒரு மனிதனை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மூன்று கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை வேறாக இருந்தது. கேத்தில் விழுத்திய 11 தரத்தில் 9 தரம் முந்தின இரவு மழை. அந்தக் காலத்துக்குள் வந்த மூன்று திங்கட்கிழமையும் தவறாமல் விழுந்திருந்தது. 11 தரமும் ஏழுக்குக் குறையாமல் கம்பியூட்டர் போட்டிருந்தது. கூட்டங்கள் இருந்ததால் வெளியாட்களுக்கென்று ஒன்பதுக்கு முதலே ரீ வைத்த நாட்கள் ஆறு, அதில் இரண்டு மழைக்கு அடுத்த நாட்கள். ஆறிலும் ஒருநாள்கூட விழவில்லை. அக்கா எழுதியது அப்படியே சரி.

காரணம் இன்னும் தெரியாது. ஆனால் இதைக் காட்டியதும் சேர் சரியென்று ஒரு வயரிங் அண்ணையைக் கூப்பிடச் சம்மதித்தார். கிளிநொச்சியில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார், ஐம்பது வயது இருக்கும். வருகிற வழியில் முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டு நின்றபோது வாங்கிய கச்சான் சரையை முதலில் மேசையில் வைத்தார். தொழில் எங்கே பழகினீர்கள் என்று கேட்டதற்கு, கறண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட வீட்டுப் பிள்ளை, அதில் தொடங்கினது என்றார்.

அவர் கேட்ட முதல் கேள்வி, “எந்தச் சுவிச் விழுறது?”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பெட்டிக்குள் ஒரு வரிசை இருக்கிறது, ஏதோ ஒன்று விழும், தூக்கிவிடுவோம். அவர் காட்டினார். சின்னச் சின்னதாக நிற்கிறவை பிரேக்கர்கள், லோட் கூடினாலோ வயர்கள் ஒன்றோடொன்று முட்டினாலோ விழுகிறவை அவைதான். எங்களுக்கு விழுவது அகலமானது, ‘ரெஸ்ற்’ என்று ஒரு பொத்தான் உள்ளது, ட்ரிப் சுவிச். அதற்கு லோட் பற்றி ஒரு கவலையும் இல்லை. 1500 வாட் கேத்தில் 230 வோல்ற்றில் ஆறரை அம்பியர் இழுக்கும், அதை அது ஏன் என்று கேட்காது. அது எண்ணுவது வேறு.

“தம்பி, பட்டியாலை காலமை நூறு மாடு போகுது. பின்னேரம் வரேக்கை எண்ணுறாய், தொண்ணூற்றேழுதான். மூண்டு எங்கையோ காட்டுக்குள்ளை போட்டுது. உடனை நீ என்ன செய்வாய்? நாளைக்கு மாட்டை வெளியிலை விடமாட்டாய். அவ்வளவுதான் இதின்ரை வேலை.”

போகிற கறண்டும் திரும்பி வருகிற கறண்டும் ஒரே அளவாக இருக்கவேண்டும். குறைந்தால் எங்கோ நிலத்துக்குள் கசிகிறது, அந்தக் கசிவு ஒரு மனிதனின் உடம்பு வழியாகவும் போகலாம். எங்கள் சுவிச்சில் 30 மில்லி அம்பியர் என்று போட்டிருந்தது, ஒரு அம்பியரில் ஆயிரத்தில் முப்பது பங்கு. அதற்கு மேல் உடம்புக்குள்ளால் போய்க்கொண்டிருந்தால் இதயத்தின் துடிப்பே குழம்பலாம் என்பதால்தான் அந்த எல்லை. 30 என்று போட்டிருந்தாலும் 30 வரை காத்திருக்காது, 15க்கு மேல் எந்த இடத்திலும் விழலாம், விதி அப்படித்தான். டிரெக்ட் பண்ணலாம் என்று சொன்ன ஸ்டோர்ஸ் தம்பி இந்த இடத்தில் மெல்ல எழும்பித் தண்ணீர் குடிக்கப் போனான். நானும் தாகம் வந்த மாதிரித்தான் இருந்தேன்.

அண்ணையிடம் வாய் திறந்து வயரைக் கவ்வுகிற ஒரு மீற்றர் இருந்தது. போகிற வயரையும் வருகிற வயரையும் சேர்த்துக் கவ்வினால் வித்தியாசத்தை மட்டும் காட்டும். காலை எட்டரைக்கு ஒரு கம்பியூட்டரும் போடாமல் தொடங்கி, ஆட்கள் ஒவ்வொருவராக வரவர ஒவ்வொன்றாகப் போட வைத்தார். ஒவ்வொரு கம்பியூட்டருக்கும் ஒன்று, ஒன்றேகால் மில்லி அம்பியர் ஏறியது. பழுது அல்ல, பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிக்கிற சின்ன உறுப்புகள் இருக்கின்றன, அவை பிறக்கும்போதே கொஞ்சம் நிலத்துக்கு விடுகிறவை. கம்பியூட்டரை நிறுத்தினாலும் சுவரில் சுவிச் போட்டிருந்தால் அது போய்க்கொண்டே இருக்கும். ஒன்பது கம்பியூட்டர், பிறின்ரர்கள், போட்டோக்கொப்பி எல்லாம் போட்டு முடிய மீற்றர் 14ஐக் காட்டியது. ஒரு பிழையும் இல்லாமல், எல்லாம் நல்ல சுகத்தோடு இருக்கும்போதே 14. ஒரு 30 மில்லி அம்பியர் சுவிச்சுக்குப் பின்னால் இப்படி நிற்கிற கசிவு 9ஐத் தாண்டக்கூடாது என்பது தொழில்காரர் கணக்கு.

அடுத்தது கேத்தில். அலுமாரியில் இருந்து எடுத்து வந்து தனியாகக் கொடுத்துப் பார்த்தார். போட்டவுடன் 9. தண்ணீர் கொதித்து முடிந்ததும் பார்த்தால் ஒன்றுக்கும் கீழே. கேத்திலின் சூடாகிற கம்பியைச் சுற்றி உள்ளே ஒரு வெள்ளைத் தூள் அடைத்திருக்கும், பாவிக்காமல் இருந்தால் அது காற்றின் ஈரத்தைக் குடிக்கும், சூடானால் காய்ந்துவிடும். சனி ஞாயிறு சும்மா இருந்த கேத்தில் திங்கட்கிழமை ஏன் கூடக் கூத்தாடியது என்பதற்கு இதுதான் விடை.

இரண்டையும் சேர்த்தாலும் எங்கள் சுவிச் விழவில்லை. அதைச் சோதித்துப் பார்த்ததில் 19க்குத்தான் விழுந்தது. மிச்சத்தைத் தேடி வெளியே போனார். காவல் ஐயா கேட்டு இரண்டு வருசத்துக்கு முதல் வேலிப்பக்கம் யானைக்காகப் போட்ட லைற். இருட்டினால் தானாக எரிந்து விடிந்தால் அணைகிறது, ஆகவே அதன் பெட்டிக்குப் பகலிலும் கறண்ட் போய்க்கொண்டே இருக்கும். மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர், தண்ணீருக்கு மேலே எறும்புப் புற்று, நடுவில் கறுப்பு ரேப் சுற்றிய ஒரு மூட்டு. மூடிக்கு இருக்கவேண்டிய நாலு ஆணியில் இரண்டுதான் இருந்தது. அன்றைய தூறலுக்கே 5 கசிந்தது. பெருமழைக்கு எவ்வளவு போயிருக்கும் என்று அவர் தலையை ஆட்டினார்.

14ம் 9ம் 5ம் கூட்டினால் 28 என்று நான் பெருமையாகச் சொன்னேன். அப்படி நேரே கூட்ட ஏலாது, கம்பியூட்டரின் கசிவும் கேத்திலின் கசிவும் ஒரே தாளத்தில் போகிறவை அல்ல, சேர்ந்தால் இருபதுக்குக் கிட்டத்தான் வரும் என்றார். இருபது போதும். 19க்கு விழுகிற சுவிச்சுக்கு இருபது தாராளம்.

ஆக, நடந்தது இவ்வளவுதான். ஒன்பது மேசையில் இருந்தும் ஒவ்வொரு மாடு, வேலிக்கரையில் இருந்து ஐந்து. எல்லாம் சேர்ந்து எல்லைக்குக் கிட்ட வந்து நிற்கிற நேரம் பத்து மணி. அந்த நேரம் ரீக்குப் பொத்தானை அமத்துகிற ஆளின் கையில் சுவிச் விழும். கேத்திலை எடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் மழை பெய்தால் அடுத்ததாகப் போடுகிற மெசினின் கையில் விழும். ‘கடைசியாகப் போட்டது என்ன’ என்று கோடு போட்ட ஒரு கொப்பியில் கடைசியாகப் போட்டதைத் தவிர வேறு குற்றவாளி எப்படி வருவான்? என் மேசையில் இருந்த கம்பியூட்டரும் அந்த 14இல் ஒன்றேகால்.

திருத்தம் இரண்டு விதமாக நடந்தது, காசில்லாததும் காசுள்ளதும். காசில்லாதது அன்றைக்கே முடிந்தது. வேலி லைற்றைக் கழற்றிப் பெட்டியைக் காயவைத்து, எறும்பைத் துடைத்து, மூட்டை உயர்த்தி, நாலு ஆணியும் இறுக்கிப் பூட்டினார். கேத்திலை எட்டு நாற்பதுக்குப் போட்டுக் கொதிக்கவைத்து இரண்டு பிளாஸ்க்கில் ஊற்றி வைப்பது என்று முடிவாகியது. இந்த யோசனையை அண்ணை சொன்னதாகக் கூட்டக் குறிப்பில் இருக்கிறது. 15ஆம் தாளை வாசித்தவர்களுக்கு அது யாருடையது என்று தெரியும். அன்றில் இருந்து தை பிறக்கும் வரை சுவிச் ஒருக்கால்தான் விழுந்தது, அதுவும் இடி இடித்த நேரம்.

காசுள்ளது வயரிங்கைப் பிரிப்பது. கம்பியூட்டர்களை இரண்டாகப் பிரித்து இரண்டு ட்ரிப் சுவிச், குசினிக்கு ஒன்று, வெளி லைற்றுக்கு ஒன்று. ஒன்று விழுந்தால் மற்றது நிற்கும், எங்கே கசிகிறது என்பதும் உடனே தெரியும். வேலை ஒரு நாள். அதற்கு மூன்று பேரிடம் விலை கேட்டு, ஒருவர் திகதி போடாமல் தந்து, திரும்ப வாங்கி, சேர் லீவில் போய், வந்து, கையெழுத்து வைத்து முடிய மாசி ஆகிவிட்டது. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இது வேறொரு ஆய்வாகிவிடும், விடுவோம்.

கடிதத்தை எடுத்துவிடலாமா என்று சேரிடம் கேட்டேன். அவருக்கும் மனம் இருந்தது. ஆனால் தாளுக்கு இலக்கம் போட்டாயிற்று, 14ஐ எடுத்தால் 13க்குப் பிறகு 15 வரும், கணக்காய்வில் ஏன் என்று கேட்பார்கள், அதற்கு நான் விளக்கம் எழுதவேண்டும். கடைசியில் வயரிங் அண்ணையின் சோதனை அறிக்கையை ஒரு பிரதி எடுத்து, ‘மின் துண்டிப்புக்கு மேற்படி ஊழியர் காரணமல்ல எனக் கண்டறியப்பட்டது’ என்று சேரின் கையெழுத்தோடு 16ஆம் தாளாகக் கோத்தேன். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டு மெதுவாக முழுவதும் வாசித்தார். “கண்டறியப்பட்டதோ?” என்று மட்டும் கேட்டுச் சிரித்துவிட்டு, சீனி முடியப்போகிறது, ரீக்காசு இன்னும் மூன்று பேர் தரவில்லை என்றார். அதில் நானும் ஒருவன்.

இப்போது புது வயரிங். கேத்திலை எந்த நேரமும் போடலாம், எத்தனை கம்பியூட்டர் ஓடினாலும் ஒன்றும் ஆகாது, நான் இரண்டு தரம் போய்ச் சொன்னேன். அவர் இன்னும் எட்டு நாற்பதுக்குத்தான் வைக்கிறார். பத்து மணிக்குப் பிளாஸ்க்கில் இருந்து ஊற்றுகிற ரீ கொஞ்சம் ஆறித்தான் இருக்கிறது, பிளாஸ்க் ஒன்றின் மூடியும் சரியில்லை. ஏன் அக்கா என்று கேட்டால், “அடுத்த மாரி வரட்டும் தம்பி, பாப்பம்” என்கிறார்.

போன கிழமை சேர், ரீ சூடில்லை என்று பலர் சொல்கிறார்கள், குசினிக்கு ஒரு குறிப்பு அடியும் என்றார். இன்னும் அடிக்கவில்லை.